விளக்கு வைக்கிற நேரம்

பாசி பிடிக்கக் கூடாதென்று உயிருள்ள பவளமும் மீனும் வளரும் கண்ணாடித் தொட்டியின் விளக்கை ஐந்து மணிக்கே அணைப்பேன். ஆறு மணிக்கு அம்மா போட்டுவிடுவாள்.

“விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு உயிர் இருட்டுல கெடக்கலாமாடா?”

பாசி நன்றியோடு வளர்ந்து பவளத்தை மூடியது. வேறு வழியில்லாமல் தொட்டியை மூன்று நாள் கறுப்புப் போர்வையால் மூடினேன்.

“மீனுக்கு ஏதாவது ஆச்சு, உன்னச் சும்மா விடமாட்டேன்” என்ற அம்மா, போர்வைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான்காம் நாள் மாலை போர்வையை விலக்கினோம். பாசி வெளுத்து உதிர்ந்திருந்தது. பவளம் மெல்ல விரிந்தது. கோமாளி மீன் நேராக அம்மாவிடம் நீந்தி வந்தது.

“பயந்துட்டியா சாமி?”

என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மணி ஆறானது. சுவிட்சுக்குப் போன அம்மாவின் கை திரும்பியது. தொட்டியருகே ஓர் அகல் விளக்கை ஏற்றி வைத்தாள். அந்த வெளிச்சத்துக்குப் பாசி வளருமா என்று செல்போனில் தேடினேன்.

வளராதாம்.