புது சைலன்சர்

அம்மா என் முகத்தை மறந்து ஒரு வருடமாகிறது. தெருமுனையில் என் பைக் சத்தம் கேட்டால் மட்டும் "சீலன் வந்துட்டான்" என்று ஓடிவந்து கதவைத் திறப்பாள். இருபது வருடத்துப் பழைய நூற்றைம்பது சிசி ரேஸ் பைக் அது. இன்ஜின் வேலைக்கு விட்டபோது, புத்தி கெட்டுப்போய், சிங்கம் மாதிரி உறுமட்டும் என்று புது சைலன்சரும் மாட்டச் சொன்னேன். பழையதைக் காயலான் கடையில் அன்றே நசுக்கிவிட்டார்கள். வேலை முடிய ஒரு மாதமானது. அந்த மாதம் முழுக்க "சீலன் எங்கே?" என்று என்னிடமே கேட்டாள். இன்று பைக்கை ஓட்டிவந்து வாசலில் நின்று மூன்று முறை ஆக்சிலேட்டரை முறுக்கினேன். கதவு மெல்லத் திறந்தது. "தம்பி, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா" என்றாள் அம்மா. "என் பையன் வர்ற நேரம்."