கிழக்குப் பக்கம்

ரயிலில் மேற்கு ஜன்னல் காலியாகத்தான் இருந்தது. அவள் கிழக்கில் உட்கார்ந்தாள்.

காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. எதிரே இருந்த பெரியவர், அந்தப் பக்கம் நிழலாக இருக்கிறதே என்று கை காட்டினார்.

பரவாயில்லை என்றாள்.

மடியில் அப்பாவின் நினைவஞ்சலி அட்டை. பதினாறாம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்தது. அட்டைக்கு வாசகம் எழுதிக்கொடுத்தது அவள்தான். அங்கமுத்து, வயது எண்பத்து நான்கு. முன்னாள் ராணுவ வீரர் என்பது கொட்டை எழுத்தில். ரயில்வே என்பது கீழே, பொடி எழுத்தில். படமும் பட்டாளத்து உடுப்பில் எடுத்தது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

அப்பா ஏர் ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வருஷம் பட்டாளம், இரண்டு சண்டை. திரும்பி வந்து இருபத்திரண்டு வருஷம் இந்தத் தண்டவாளத்தில் சம்மட்டி அடித்தார். போன இடமெல்லாம் எதையாவது நட்டுவைப்பார். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அவளுக்கென்று இரண்டு பாத்தி கனகாம்பரம் போட்டிருந்தார்.

புதுக்கோட்டைக் கல்லூரிக்கு அவள் இதே வழியில்தான் போய்வந்தாள். வெயில் படாத மேற்கு ஜன்னல் அவளுக்கும் தோழிகளுக்கும். அப்பா மிலிட்டரியில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தாள். அவர் பட்டாளத்தை விட்டு வந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

கல்லூரி சேர்ந்த மூன்றாம் நாள்.

வண்டி வந்தால் லைனில் வேலை செய்கிறவர்கள் ஒதுங்கி நின்று, கடைசிப் பெட்டி தாண்டும்வரை சக்கரத்தைப் பார்க்க வேண்டும். தண்டவாளத்துக்கு மேற்கே வரிசையாக நின்றார்கள். எண்ணெய்க் கறைச் சட்டை, தலையில் துண்டு. அதில் ஒருவர் அவளைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

"யாருடி அது? உன்னையப் பாத்துத்தான் கையக் காட்டுறாரு" என்றாள் ஸ்டெல்லா.

தெரியாது என்றாள். முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வண்டி மெதுவாகத்தான் போனது. தூக்கிய கை இறங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

சாயங்காலம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் அந்த வரிசையில் அவர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்பாடா என்றிருந்தது.

மூன்று வருஷமும் அப்பாடா என்றே இருந்தது.

நேற்றுப் பந்தியில் சவரிமுத்துவுக்குப் பாயசம் ஊற்றினாள். அப்பாவோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தவர். அவர்தான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அண்ணனுக்கு ஒரு கிறுக்கு, ஆத்தா. எட்டு மணி பாசஞ்சருக்கு மட்டும் எங்களோட நிக்க மாட்டாரு. கெழக்கால முள்ளுக்குள்ள போயி நிப்பாரு. வெயிலு மூஞ்சியிலயே அடிக்கும். ஏண்ணேன்னு கேட்டா, அந்தப் பக்கமும் ஒரு ஆளு பாக்கணும்லடாம்பாரு."

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

அந்த இடம் வந்ததும் வண்டி வேகம் குறைந்தது.

அவள் முகத்தைக் கம்பியோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். கிழக்கே சீமைக்கருவேல். முள்ளுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கித்தான் நிற்க முடியும். உட்கார ஒரு கல்கூட இல்லை. பெற்ற அப்பனை இதற்குள் நிற்கவைத்தேனே, பாவி.

அவள் கண்ணில் படக்கூடாது என்று நின்றிருக்கிறார். அப்படித்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவள் அப்போது தூக்கத்தில் இருப்பாள். ஆனாலும் சில சாயங்காலங்களில் கேட்பார், இன்றைக்கு ஏன் ஆத்தா பூ வைக்காமல் போனாய் என்று. அம்மா சொல்லியிருப்பாள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் கம்பியை விட்டுத் திரும்பினாள்.

நிழலாக இருந்த மேற்கு ஜன்னலில், கீரனூரில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பக்கத்திலிருந்து முகம் தெரியவில்லை.

பின்னல் தெரிந்தது. அதில் பூ இருக்கிறதா இல்லையா என்பதுவரை தெரிந்தது.