நாக்குக்கு ஒரு வேலை

ஹரிஷங்கர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கடைசியில் கதவையும் தாழிட்டார்.

"கீழ முத்தத்துல சுக்கு காயறது. அந்த வாசனை மேல வந்தா நோக்கு விஸ்கி மணம் பிடிபடாது, கேட்டியா?"

முத்துவேல் தலையாட்டினான். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற பெரிய மனிதர் வீட்டு மாடி. காலை பத்து மணிக்கே அவனுக்கு வியர்த்தது.

எறணாகுளத்தில் ஒரு ஹோட்டல் பாரில் ஆறு வருஷமாகக் கிளாஸ் கழுவுகிறவன் அவன். குடித்தவர்கள் மிச்சம் வைத்ததை முகர்ந்தே என்ன சரக்கு, எத்தனை வருஷம் என்று சொல்லிவிடுவான். மற்றவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். ஹரிஷங்கர் ஒருவர்தான் "எங்கிட்ட வந்துடு" என்றார்.

இன்றைக்குச் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் சேர்த்து வைத்திருக்கிற பழைய விஸ்கிகளுக்கு ருசி பார்க்கிற உத்தியோகம். தங்க வீடும் உண்டு. தென்காசியில் இருக்கும் மனைவி மகாவையும் பிள்ளையையும் அடுத்த மாதமே அழைத்து வந்துவிடலாம்.

மேஜை மேல் இருந்த பாட்டிலில் 1967 என்று போட்டிருந்தது. ஸ்காட்லாந்தில் எப்போதோ மூடிப்போன ஒரு சின்ன ஆலையின் சரக்கு.

"நாளைக்கு எங்க முப்பதாவது கல்யாண நாள். அதுக்குன்னு வாங்கினது" என்றார் ஹரிஷங்கர். "ஆனா இப்பல்லாம் பழைய காலிப் பாட்டிலைத் தேடிப் பிடிச்சு, உள்ள கண்டதை ஊத்தி வித்துடறான். பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

"எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாராமே சார்?"

"அப்பு. தோப்பும்படிக்காரன். நல்ல நாக்குதான். போன வருஷம் ஒரு பாட்டிலை அசல்னு சத்தியம் பண்ணினான். அது போலி."

"எப்படித் தெரிஞ்சுது?"

"மறுநாள் தெரிஞ்சுது."

கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸாதனாவின் கை நின்றது.

"ஏன்னா, இவனுக்குக் கொழந்தை இருக்கு" என்றாள் மெதுவாக.

"இருக்கட்டுமே."

ஒரு தடவை தப்பாகச் சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று முத்துவேலுக்குப் புரிந்தது. கிளாஸைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கை உள்ளே விட்டான்.

"ஈர விறகு புகையுது சார். அப்புறம் உலர்ந்த திராட்சை. பழைய மரப்பொட்டியத் தொறந்த மாதிரி ஒண்ணு வருது." ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான். கடைசியில் உப்பு தட்டியது. துப்புவதற்குக் கிண்ணத்தைத் தேடினான். இந்தத் தொழிலில் யாரும் விழுங்க மாட்டார்கள்.

"துப்பாதே! விழுங்கு" என்றார் ஹரிஷங்கர். "தொண்டை தாண்டினாத்தான் சரக்கோட குணம் தெரியும்."

விழுங்கினான். அவர் மறுபடி ஊற்றினார். மூன்றாவது முறையும் ஊற்றினார். அவ்வளவு விலையுள்ள சரக்கை ஒரு கிளாஸ் கழுவுகிறவனுக்கு இப்படி வாரி வழங்குகிற மனிதரை அவன் பார்த்ததே இல்லை.

"அசலுதான் சார். பீப்பாயில இருபது வருஷத்துக்குக் குறையாமக் கெடந்திருக்கு. எந்தச் சாமி மேல வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்."

"அப்புவும் பண்ணினான்" என்று ஹரிஷங்கர் பாட்டிலை மூடினார். தனக்கென்று ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ளவில்லை. "இன்னிக்கு இங்கயே தங்கு. நாளைக்குக் காலம்பற வரைக்கும் அந்த மணம் நாக்குல நிக்கறதான்னும் சொல்லணும்."

பின்பக்க அறையில் கட்டில் போட்டிருந்தது. அவன் உள்ளே போனதும் வெளியே தாழ் விழுகிற சத்தம் கேட்டது. பணக்காரர்கள் வீட்டில் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

பகல் முழுக்க அப்புவையே நினைத்துக்கொண்டிருந்தான். தன் மூக்கும் ஏமாந்திருந்தால்? ஸாதனா இரண்டு தடவை சாப்பாடு கொண்டுவந்தாள். இரண்டு தடவையும் அவன் முகத்தையே பார்த்தபடி, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். நல்ல மனசுக்காரி என்று நினைத்தான்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தாழ் திறந்தது. கூடத்தில் ஹரிஷங்கர் பட்டு வேஷ்டியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காகிதத்தை நீட்டினார்.

"உன் வேலை உத்தரவு. தமிழ்லயே அடிக்கச் சொன்னேன். சத்தமா வாசி."

எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன. தன் பெயரை வாசித்தான். வேலையின் பெயரை வாசித்தான். குடும்பத்தோடு தங்க வீடு தரப்படும் என்ற வரி வந்ததும் சட்டென்று நின்றுவிட்டான்.

"ஏன் நிறுத்தினே?" ஹரிஷங்கர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஸாதனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுத்து மங்குது சார்..."

முத்துவேல் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"கண்ணீரு சார். வேற ஒண்ணுமில்ல. மகாவ நெனச்சேன்."

"அடியில இருக்கற சின்ன எழுத்தையும் வாசி."

அதையும் தடுமாறாமல் வாசித்து முடித்தான். நாக்கில் மணம் நிற்கிறதா என்று அவர் கேட்பார் எனக் காத்திருந்தான். இன்னமும் நின்றது, அதைச் சொல்ல ஆசையாகவும் இருந்தது.

ஹரிஷங்கர் கேட்கவில்லை. நெடுமூச்சு விட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"ஸாதனா, இவனுக்குக் கண்ணு போகலை. இனி நாம குடிக்கலாம்."