வலது கை

மேயர் ஹாலோவேயின் முகம் முழுவதும் ஈரப் பிளாஸ்டர் அப்பியிருந்தது. ஊர் நடுவே நிற்கப்போகும் அவருடைய சிலைக்கு அச்சு எடுக்கிறார்கள். மூக்கில் செருகிய இரண்டு வைக்கோல் குழல்கள்தாம் மூச்சுக்கு வழி. "இறுகுற வரைக்கும் அசையாதீங்க ஐயா. மூச்சு முட்டினா வலது கையைத் தூக்குங்க, உடனே உடைச்சு எடுத்துடறேன்" என்று சிற்பி சொல்லியிருந்தான். நகரமன்றக் கூட்டத்துக்குப் போகாமலிருக்கத்தான் மேயர் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். கூட்டமோ அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. கதவு திறந்தது, எட்டு ஜோடி பூட்ஸுகளின் சத்தம். "ஆத்தைக் கெடுக்குற உங்க தோல் ஆலையை மூடணும்னு நாலு பேர், வேண்டாம்னு நாலு பேர். உங்க ஓட்டுதான் பாக்கி" என்றார் உறுப்பினர் கிரேடி. "அவரால பேச முடியாதுங்க" என்றான் சிற்பி. "காது கேக்கும்ல? மூடணும்னா கையைத் தூக்கட்டும். இல்லைன்னா ஆலை ஓடட்டும்." மேயர் அசையவில்லை. அப்போது பிளாஸ்டர் இறங்கி இடது குழலை அடைத்துக்கொண்டது. மிச்சமிருந்த குழலில் வந்ததெல்லாம் அவருடைய ஆலையின் நாற்றம். முப்பது வருடமாக அப்படியொரு நாற்றமே கிடையாது என்று சாதித்தவர், அதை ஆசை ஆசையாக உள்ளே இழுத்தார். பிறகு அந்தக் குழலும் நசுங்கத் தொடங்கியது. நாற்காலியை இறுகப் பற்றியிருந்த வலது கையில் சுண்டுவிரல் மட்டும் மெல்ல எழுந்தது. சிற்பி பதறிப்போய் உளியை எடுத்தான். "இருப்பா" என்றார் கிரேடி. "கை முழுசா மேல வரட்டும்."