யூரியா விழாத இடம்

"மோருல உப்புப் போட்டு வை, வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் கணவர் மக்காச்சோளம் நடப் போனார். புது ரகத்தை நெருக்கி நட்டால்தான் விளையும் என்று அவர் தம்பி துரைக்கண்ணு பிடிவாதம். காற்று நுழையவேண்டும் என்று இவர்.

மாலையில் துரைக்கண்ணு மட்டும் திரும்பினான்.

"அண்ணன் கோவிச்சுக்கிட்டு திருப்பூர் போயிடுச்சு, அண்ணி."

அவருக்கு வைத்த மோரையும் அவனே குடித்தான்.

வயலை ஆள் நுழைய முடியாதபடி நெருக்கி நட்டான். தழைச்சத்து குறைந்த மண்ணைக் கண்டு அங்கே மட்டும் யூரியா போடும் ட்ரோன், நடுவயலில் ஆள் நீளத்துக்கு ஓரிடத்தை விட்டுவிட்டது. அங்கே பயிர் கருகருவென்று நின்றது.

"ட்ரோன் கோளாறு, அண்ணி. மாத்திடுறேன்."

மாற்றினான். புதிய ட்ரோனும் அந்த இடத்தில் யூரியா போடுவதில்லை.