வெறுங்கல்

புயலில் படகோடு போன ததேயுவின் உடல் கரை ஒதுங்கவே இல்லை. அவனுடைய உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிடலாம் என்று பங்குச் சாமியார் எத்தனையோ முறை சொல்லியும் அவன் பெண்டாட்டி லூர்தம்மா மசியவில்லை. காலிக் குழியில் யாருக்குச் செபம் என்பாள். தலையில் பூ வைப்பதையும் விடவில்லை. எங்கள் தெருவில் அந்தப் பூவைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. என் வாயும் சேர்த்திதான்.

பங்குக் கோயில் சுற்றுலாவாக வடக்கே போனபோது, தோட்டத்துக்கு நடுவே ஒரு ராணியின் பளிங்குக் கல்லறையைக் காட்டினார்கள். அதன் பூவேலையை எட்டிப் பார்த்துக்கொண்டே லூர்தம்மா கேட்டாள்.

"ராணி இதுக்குள்ளயா கெடக்கா?"

"இல்லம்மா. உடம்பு கீழ, பூட்டின அறையில இருக்கு. இது வெறுங்கல்லு. வர்றவங்க வந்து நிக்க ஒரு இடம் வேணும்ல?" என்றார் கூட வந்த வழிகாட்டி.

"ராணிக்கே டூப்ளிகேட்டாக்கும்!" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியில கம்பளியும் வைக்கணும் யக்கா. இவ்வளவு நாளும் தண்ணியிலல்லா கெடக்காரு."