சூடாக இருந்த பானெட்

பழைய லாரிகள் விற்கிற மைதானத்தில் நின்ற ஒரு டீசல் லாரிக்கு, மறுபடி ஒரு மலைப்பாதை ஏறிவிட வேண்டும் என்று தீராத ஏக்கம்.

"இன்னைக்கு என்னைப் பார்க்க ஆள் வர்றாங்க. காலையிலேயே ஓடவிட்டுச் சூடாக்கிட்டாங்க. ஆறின நிலையில கிளப்பினா நான் புகை கக்குறது அவங்களுக்குத் தெரியாது," என்றது, பம்பரில் புதிதாகக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்திடம்.

லாரி வாங்க வந்த மூக்கையா சாவி கேட்கவில்லை. முதலில் என்ஜினை மூடியிருக்கும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆறிக் கிடக்கிற வண்டியைத்தான் நான் கிளப்பிப் பார்ப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"மனுஷன் தப்பிச்சார்," என்றது எலுமிச்சம்பழம்.

லாரியின் பானெட்டில் அந்தக் கை பட்ட இடம் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

"இப்படித் தொட்டுப் பார்க்கிற ஒருத்தர்கிட்ட நான் புதுசா இருந்தப்பவே போயிருந்தா," என்றது லாரி, "கவனமா வச்சிருப்பார், எனக்குப் புகையே வந்திருக்காது."